அண்ணி வராத ஆஸ்பத்திரி

"இன்னைக்குப் போய் எங்கம்மா கிளம்பறே?"

மகன் வாசல் கதவில் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றான். பற்பசை நுரை உதட்டோரம் இன்னும் காயவில்லை. அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி செருப்பைக் காலால் துழாவினாள். கால் வீங்கியிருந்தது, செருப்பு ஏறவில்லை. அது அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று குனியாமலே திணித்துப் பார்த்தாள்.

"துணி எடுக்கப் போறேன்டா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற ஆர்டர் ஒண்ணு நிக்குது..."

"துணிக்கடைக்காரன் பத்து மணிக்குத்தான் ஷட்டரையே தூக்குவான். இப்ப மணி எட்டரை! வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் நேர்ல இருக்கணும்னு ஒரு வாரமா ஆட்டோவுல மைக் கட்டிக் கத்திட்டுப் போறாங்க. நம்ம கட்டடத்துக்குப் பதிவு இன்னைக்குத்தான் கடைசி நாள். ஊரே காத்துக் கெடக்குது, நீ என்னடான்னா..."

"நீங்க எல்லாரும் இருக்கீங்கல்ல. அது போதும்."

ஊர் காத்துக் கிடந்தது உண்மைதான். ஏழெட்டு வருஷம் பேசி, சண்டை போட்டு, இரண்டு முறை கிடப்பில் போட்டு, கடைசியில் அந்தச் சட்டம் வந்திருந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழைய நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆளுக்கு ஒரு எண். அந்த எண் இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியம். ஒன்றாம் தேதியிலிருந்து அமல். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. டீக்கடையில் அதைத் திட்டுகிறவர்கள்கூட, பதிவுக்கு ஆள் வருகிற நாளில் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள்.

உள்ளறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. கட்டிலில் படுத்தபடியே பேசுகிற குரல். ஆனால் கூர்மைக்குக் குறைவில்லை.

"விடுடா தம்பி, போகட்டும்! ஆஸ்பத்திரி, மாத்திரை, காப்பீடு... இந்தப் பேச்சு வந்தாலே உங்கம்மாவுக்கு வெளிய வேலை வந்துடும். பதினோரு வருஷமா பாக்கறேன்ல!"

அதற்கு அவளிடம் பதினோரு வருஷமாகச் சொல்லாத பதில் ஒன்று இருந்தது.

நாத்தனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபோது வயது முப்பத்தொன்று. புருஷன் ஒரு பெட்டியோடு கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தால் உயிர். இல்லையென்றால் இல்லை என்றார்கள். அண்ணன் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். தொழிற்சாலைக் காப்பீட்டில் அவர், மனைவி, ஒரு பிள்ளை, இந்த மூன்று பேருக்குத்தான் இடம். உடன்பிறந்தவளைச் சேர்க்க வேண்டுமென்றால் மனைவியின் இடம் காலியாக இருக்க வேண்டும். மனைவி செத்திருக்க வேண்டும், அல்லது விலகியிருக்க வேண்டும்.

அதை அவளுக்குச் சொன்னவர் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா. கெட்ட மனுஷரில்லை. "நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒரு படிவத்தை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'என் கணவரை விட்டு என் விருப்பப்படி விலகி, வேறு இடத்தில் வாழ்ந்து வருகிறேன்.' அவள் கையெழுத்துப் போட்டாள். கணவர் கையெழுத்தும் வேண்டும். அதற்குச் சிரமமே இல்லை. அந்த வீட்டில் பள்ளிக்கூடத் தாளிலிருந்து வாடகைப் பத்திரம் வரைக்கும் படிக்கிறவள் அவள்தான். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவாள். அவர் இயந்திர எண்ணெய் படியாத விரலால் பேனாவைப் பிடித்து, "எங்க?" என்று மட்டும் கேட்பார். அன்றைக்கும் அதைத்தான் கேட்டார்.

முதல் மாதம் ஒரே ஒரு முறை சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முன்மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்றாள். அண்ணி என்று நாக்கு நுனி வரை வந்தது. அண்ணனோடு வாழாத அண்ணி எதற்குச் சோறு கொண்டுவருகிறாள் என்று அந்தத் திரை கேட்டால்? "பக்கத்து வீடு" என்று சொல்லி, டிபன் கேரியரை மேசையிலேயே வைத்துவிட்டுத் திரும்பியவள்தான். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. காய்ச்சல் கண்டு நாத்தனார் ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தபோதும் போகவில்லை. கீழ்வீட்டு இஸ்திரிக்காரர்கூடப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "உங்கம்மாவுக்குக் கல் நெஞ்சுடா" என்று அத்தை சொன்னதை மகன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? கண்ணால் பார்த்தது அதுதானே.

"நகரு" என்றாள் இப்போது. அவன் நகர்ந்தான். "போ. ஆனா ஒண்ணு... இந்த வீட்டுல உனக்கு யார்மேலயும் ஒட்டுதல் இல்லன்னு இன்னைக்கு முடிவாத் தெரிஞ்சுபோச்சு."

மூன்றாம் மாடியிலிருந்து இறங்க நாற்பத்தெட்டு படி. இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று மூச்சு நன்றாக இருக்கிறவர்கள் சொல்வார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, பையில் எதையோ தேடுகிற மாதிரி கையை விட்டுத் துழாவினாள். இந்தத் தந்திரம் இரண்டு வருஷமாகக் கைவசம். நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போலிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் நடந்த இலவச முகாமில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "இதயத்துல ஒரு வால்வு சரியா மூடல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே காப்பீடு எங்கே என்பதுதான். அவள் சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகு, நாத்தனார் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். கேட்டவர்களிடம், "அவ தண்ணி கேட்டா கொடுக்கணும்ல" என்றாள்.

"அம்மா, உதடெல்லாம் நீலமா இருக்கே... உக்காருங்க, உக்காருங்க!"

கையில் டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் படியேறி வந்துகொண்டிருந்தாள். பதிவுக்கு வந்தவள்! முன்பு நர்ஸாக இருந்தவள் என்பது, கேட்காமலே நாடியைப் பிடித்ததில் தெரிந்தது.

"எந்த வீடு?"

"நான்... சும்மா..."

"இந்த நெலமையில கீழ இறங்கவும் கூடாது, தனியா நிக்கவும் கூடாது." அவள் மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "யாருங்க மேல? இந்தம்மா உங்க வீடா?"

மகன் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தான்.

கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கணவர் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து, என்ன ஏது என்று விழித்தார். நாத்தனார்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். "காலைல சாப்பிடாம ஓடுனா மயக்கம் வராம என்ன வரும்" என்று அவளுக்குத் தெரிந்த விதத்தில் கரிசனம் காட்டினாள்.

பதிவுப் பெண் வேலையைத் தொடங்கினாள். கணவர் பெயர், விரல் ரேகை. மகன் பெயர், விரல் ரேகை. நாத்தனாருடையது. அப்புறம் திரையில் விரலை மேலும் கீழும் தள்ளினாள். நெற்றி சுருங்கியது.

"சார், இந்தம்மா உங்களுக்கு யாரு?"

"யாருன்னா? என் சம்சாரம்!"

"உங்க மனைவி விலகி வாழறாங்கன்னு இருக்கே... பதினோரு வருஷமா."

கணவர் சிரித்துவிட்டார். "யாரு, இவளா? நான் ஒரு வாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனப்பகூட, வாசல்லயே பிடிச்சு, காய்கறி வாங்கிட்டு வாங்கன்னு பையைக் கொடுத்தவ இவ. உங்க மெஷினை நல்லாத் தட்டிப் பாருங்கம்மா."

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

அவருடைய கையெழுத்துதான். கோணல் மாணலாக, கடைசி எழுத்துக்கு வால் நீட்டி. பக்கத்தில் இலேசாக ஒரு பென்சில் பெருக்கல் குறி.

முதலில் வெடித்தது நாத்தனார்தான்.

"பாத்தியாண்ணா... பாத்தியா! அப்பவே எழுதி வாங்கி வெச்சிருக்காங்க! சீக்காளி ஒருத்தி வந்து உக்காந்துட்டா, நாளைக்கு நம்ம தலையில விடியும்னு, எப்ப வேணா கழண்டுக்கலாம்னு... அண்ணியாரே, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்? வந்த நாள்லேர்ந்தா என்னை வெறுத்தீங்க?"

"அம்மா, சொல்லும்மா" என்றான் மகன். "இது என்னம்மா?"

அவள் பதிவுப் பெண்ணை மட்டும் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும்மா. நான் இந்த வீடு இல்லன்னு எழுதிக்கங்க. அவங்க மூணு பேருக்கும் போட்டுட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"அது எப்படிம்மா? ஆளுக்கொரு எண்தான், ஆனா ஏதாவது ஒரு வீட்டுல பேர் இருந்தாத்தான் எண் வரும். கணக்குப்படி உங்க பேர் இப்ப எந்த வீட்டுலயும் இல்ல." அவள் திரையில் இன்னும் கொஞ்சம் தேடினாள். "கையெழுத்துப் போட்ட தேதி... ஓ. இதுக்கு மூணாவது நாள் உங்க நாத்தனாரைச் சேத்திருக்காங்க. இந்தக் கம்பெனிக் காப்பீடா? நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நிறையப் பாத்திருக்கேன். மனைவி இடம் காலியானாத்தான் கூடப்பிறந்தவங்களைச் சேப்பான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தான் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

நாத்தனார் அந்தத் தேதியைக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பிறந்த நாளை மறந்தாலும் முதல் ஊசி ஏறிய நாளை மறப்பதில்லை.

"அண்ணனோட கம்பெனிதான் பெரிய மனசு பண்ணி என்னைச் சேத்துச்சுன்னு..." அவள் அண்ணனின் கையைப் பிடித்தாள். "அண்ணா, நீ போய்க் கேட்டியா கம்பெனில? நீதானே கேட்டே?"

"நான் எங்க கேட்டேன்? பேப்பர் வந்திருக்குன்னா, கையெழுத்துப் போடுங்கன்னா..." கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல? பதினோரு வருஷம்டி! என்னை விட்டுப் போயிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு, என் பக்கத்துலயே... எப்படிடி முடிஞ்சுது?"

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். போட்டிருப்பேன் என்றாலும் தப்பு, போட்டிருக்க மாட்டேன் என்றாலும் தப்பு. தங்கை எதிரே உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதான்" என்றாள் அவள். "அந்தச் சங்கடம் எனக்கு ஒருத்திக்கு மட்டும் இருந்தாப் போதும்னு நினைச்சேன்."

"அப்ப நீ ஆஸ்பத்திரிக்கு வராதது..." மகன் முடிக்கவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி நின்றான்.

பதிவுப் பெண் தொண்டையைச் செருமினாள். இரக்கத்தைத் தொழிலில் கலக்கக் கூடாது என்று பழகியவள் போலிருந்தது. "இத சரி பண்ணலாம். ஆனா, இப்ப அந்த இடத்துல இருக்கிறவங்க கையெழுத்து வேணும். இவங்க இந்த வீட்டுலதான் இருந்தாங்க, இது இவங்களோட இடம்னு நாத்தனார் எழுதிக் கொடுக்கணும். ஒண்ணாம் தேதிக்கு மேல ஒரு பிரச்சினையும் இல்ல, ரெண்டு பேருக்கும் தனித்தனி எண். ஆனா நான் இத ஏத்தின உடனே பழைய கம்பெனிக்கும் போயிடும். அவங்க கார்டை நிறுத்தலாம். நிறுத்தாமலும் இருக்கலாம். நடுவுல பன்னிரண்டு நாள் இருக்கு."

"அஞ்சு டயாலிசிஸ்" என்றான் மகன், திரும்பாமலே.

"வேணாம்!" அவள் நாற்காலியிலிருந்து எழ முயன்று மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். "ஒண்ணும் மாத்த வேணாம். எனக்கு என்ன குறைச்சல்? அப்புறமா பாத்துக்கலாம்..."

"இன்னைக்கு விட்டா அடுத்த பதிவு ஆறு மாசம் கழிச்சும்மா."

"ஆறு மாசம்தானே. பதினோரு வருஷம் போகல?"

நாத்தனார் எழுந்து வந்தாள். சுவரைப் பிடிக்காமல் வந்தாள். அண்ணியின் காலருகே தரையில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அந்தக் குழியின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். தன் காலில் எத்தனையோ தடவை பார்த்தது.

"ஆறு மாசம் நீ இருப்பியா அண்ணி?" என்றாள் மெதுவாக. அதுவரை நீங்க என்றுதான் பேசியிருந்தாள். "என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தே தூங்குவியே... என்னைக் காவல் காக்கறியா, எப்ப போவேன்னு பாக்கறியான்னு கேட்டேனே ஒரு நாள்... அடிப் பாவி, அதுக்குக்கூட வாயைத் திறக்கலையே நீ!"

"எழுந்திரு. தரை சில்லுன்னு இருக்கு."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"சொன்னாக் கேளு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் இத்தனை நாள் பண்ணினது எல்லாம்..."

"நீ பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. என் முறைக்கு நீ ஒண்ணும் சொல்லாதே!" அவள் டேப்லெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். விரலால் கையெழுத்துப் போட்டாள். கோடு கட்டத்துக்கு வெளியே போயிற்று. பரவாயில்லை, ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாள் பதிவுப் பெண்.

ஏழாம் நாள் கார்டு நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மகன் அத்தையைத் தான் ஓட்டும் பார்சல் வேனிலேயே திரும்ப அழைத்து வந்தான். கணவர் தொழிற்சாலை மேலாளர் அறைக்கு வெளியே இரண்டு நாள் நின்றார். இந்த வயதில், வேலை உடுப்போடு, கைகட்டி. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு டயாலிசிஸ் தவறிப்போயின.

அந்த ஐந்து நாளும் இரண்டு பெண்களும் ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு நெஞ்சில் நீர், இன்னொருத்திக்கு உடம்பெல்லாம் நீர். நாத்தனாருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். அண்ணி பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினாள்.

"உனக்கு மூச்சு எப்படி?"

"உன்னைவிடப் பரவாயில்ல."

"மூஞ்சைப் பாரு, பூசணிக்காய் மாதிரி ஆயிட்டேன்."

"முன்னாடி மட்டும் என்னவாம்."

சிரித்தால் மூச்சு முட்டியது. சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. நான்காம் நாள் நாத்தனாருக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. அவள் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் வெளிச்சம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறாத கோயில் இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை என்பார்களே, அப்படியெல்லாம் அவள் வேண்டவில்லை. ஒரே ஒரு தேதிதான் கேட்டாள்.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரியில் நின்றார்கள். வரிசை தெருவைத் தாண்டிப் போயிருந்தது. சட்டம் வந்துவிட்டது, படுக்கைகள் வந்து சேரவில்லை. தாழ்வாரத்தில் நோயாளிகள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இத்தனை வருஷமும் இவர்களெல்லாம் எந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தனாரை முதலில் உள்ளே எடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்குப் பின் முகம் வற்றி, கண் தெளிந்து வெளியே வந்தவள், வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். கையில் கட்டோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதய டாக்டரின் அறைக்குள் அண்ணியோடு வந்தாள்.

டாக்டர் சின்ன வயசு. படங்களைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா வால்வை மாத்தியிருக்கலாம். இப்ப இதயம் ரொம்ப விரிஞ்சுபோச்சு. ஆபரேஷன் தாங்காது. மாத்திரையில கொஞ்ச காலம் சமாளிக்கலாம்..." கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கணவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் வெளியே போய்விட்டான்.

"இவ்வளவு கஷ்டம் இருந்திருக்குமே. ஏம்மா முன்னாடியே வரல?"

"தையல் வேலைங்க... நேரம் ஒழியல. பெரிசா ஒண்ணும் தெரியவும் இல்ல..."

"பொய் சொல்றா டாக்டர்" என்றாள் நாத்தனார். "நான் உசுரோட இருக்கணும்னு வரல."

"சும்மா இரு நீ..."

"இருக்க மாட்டேன்! எழுதிக்குங்க டாக்டர், உங்க கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டம் இருந்தா எழுதிக்குங்க. இவ எங்க அண்ணி. பதினோரு வருஷம் இவ மூச்சை நான் விட்டுட்டிருந்தேன்..."

சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து அண்ணியின் தோளில் விழுந்தாள். அவளும் அணைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து யார் எதிரிலும் அழாதவள், அழுதாள். அழுகைக்கும் மூச்சு வேண்டியிருந்தது, விட்டுவிட்டு அழுதாள்.

டாக்டர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வெளியே வரிசையில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்க் கதவை மூடிவிட்டு வந்தார்.